வெறும் வயிற்றில் சொல்லக்கூடாத சேதி

மலையாள தேசத்துத் தலைநகரில், சாலைக் கடைத்தெருவில் தங்கபாண்டி வத்தல் கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். காட்டுவதற்கு முன் ஒரு தும்மலும் போடுவார்கள். அந்தக் கடையின் மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த நாலு பிள்ளைகள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'வத்தல் கம்பெனி' என்கிற பாட்டுக் குழு. பாதித் தமிழ், பாதி மலையாளம், மீதி சத்தம். கோவில் உற்சவக் கானமேளாவில் தொடங்கி, ஆல்பம், யூடியூப், காலேஜ் விழா என்று ஏறி, இன்றைக்குக் கழக்கூட்டத்து ஐடி பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு திரிகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

மூத்தவள் ஆவுடைத்தாய். அவள் தொண்டையைத் திறந்தால் கிழக்கே கோட்டையில் பஸ் ஏறப் போனவன் காலைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பான். அடுத்தவன் பேச்சிமுத்து. மெட்டுப் போடுவது, கீபோர்டு வாசிப்பது, கம்பெனி மீட்டிங்கில் இங்கிலீஷ் பேசுவது எல்லாம் அவன். கடைக்குட்டி இசக்கிசெல்வி. போஸ்டரில் நடுவில் நிற்கிற முகம் இப்போது அவளுடையதுதான். இவர்களுக்கு இடையில் மூன்றாவதாக வந்து விழுந்தவன் நம் சொரிமுத்து.

சொரிமுத்து என்ன செய்வான் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கை தட்டுவான். டாம்போரின் குலுக்குவான். 'ஹோய்' என்பான். மேடையில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே ஏதாவது பேசி ஜனங்களைச் சிரிக்க வைப்பான், வேன் ஓட்டுவான், ஸ்பீக்கர் தூக்குவான். பாடவும் செய்வான், ஆனால் அதை நடக்கவிடாமல் தடுக்க மற்ற மூன்று பேரும் பத்து வருஷமாகப் பாடுபட்டு வந்தார்கள். சுருதிக்கும் அவனுக்கும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் உறவு. ஒரே பந்தலில் இருப்பார்கள், முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்காக அவன் வருத்தப்பட்டதே இல்லை. வீட்டில் அவனை ஏசாத நாள் கிடையாது, அவனும் பதிலுக்கு ஏசாத நாள் கிடையாது. அந்த ஏச்சில்தான் நாலு பேருக்கும் சோறு செரித்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

இப்போது வத்தல் கம்பெனி, தன்னை வளர்த்த நாதரூபா ஆடியோஸை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. நாதரூபா முதலாளி பத்மகுமார் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு வியாதி உண்டு. எந்த ஆல்பம் வந்தாலும் அட்டையின் பின்புறம் தன் போட்டோவைப் போட்டுவிடுவார், அதுவும் பாடினவர்களைவிடப் பெரிதாக. காலம் மாறி, அட்டையே இல்லாமல் பாட்டு போனில் வர ஆரம்பித்த பிறகும் மனுஷர் விடவில்லை. வீடியோ தொடங்கும்போது முதலில் அவர் வந்து கைகூப்பி நிற்பார். பாட்டுக்கு முன்னால் வணக்கம் சொல்கிற மொட்டைத்தலை யார் என்று ரசிகர்கள் கமெண்டில் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள். கொச்சியிலிருந்து ஒரு புதிய கம்பெனி கூப்பிட்டபோது, பேச்சிமுத்து கேட்ட முதல் கேள்வியே 'உங்க முதலாளி வீடியோவில் வருவாரா' என்பதுதானாம்.

ஆனால் ஒப்பந்தப்படி நாதரூபாவுக்கு இன்னும் ஒரு ஆல்பம் பாக்கி. பத்துப் பாட்டு. அதை முடித்துக் கொடுத்தால் கொச்சி. அதனால் அந்த மாதம் முழுக்க ஜகதியில் இருந்த நாதரூபா ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவு நடந்தது.

ஒன்பதாவது பாட்டு முடிந்த அன்றுதான் ஆரம்பித்தது வினை. எல்லாரும் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சிமுத்து தொண்டையைச் செருமினான்.

“ஏல சொரி, பத்தாவது பாட்டு நீ பாடுத.”

சொரிமுத்து சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. இசக்கிசெல்வி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆவுடைத்தாய், “ஆமாடா, ஒனக்கு நல்ல குரல்லா” என்றாள்.

நல்ல குரலா! போன திருவோணத்துக்குத்தான் இதே அக்கா, “நீ பாடுனா பால் திரிஞ்சு போகும், அந்தப் பக்கம் போ” என்று அவனை அடுக்களையிலிருந்து துரத்தியிருந்தாள். இப்போது நல்ல குரலாம். சொரிமுத்து சாயாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

அன்றைக்கு மத்தியானம் பேச்சிமுத்து அவனைத் தனியே ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நெய்மீன் பொரித்தது வாங்கிக் கொடுத்தான். பேச்சிமுத்து யாருக்கும் ஒரு வடைகூட வாங்கிக் கொடுக்காதவன். இவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கை கழுவி வந்ததும், “ஒண்ணு சொல்லணும்லே” என்றான். சொரிமுத்து நிமிர்ந்தான். பேச்சிமுத்து அவன் கண்ணைப் பார்த்தான், பிறகு மீன் முள்ளைப் பார்த்தான். “ஒண்ணுமில்ல. இன்னொரு துண்டு சொல்லட்டா?” என்று முடித்துவிட்டான்.

மறுநாள் காலையில் ஆவுடைத்தாய் ஆப்பமும் முட்டைக்கறியும் தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி ஆரியசாலையில் தனி வீடு. தம்பி தின்ன ஆப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு வருகிற ஜாதி இல்லை அவள். “தின்னு, தின்னு, இன்னும் ஒண்ணு வச்சுக்கோ” என்று தலையைத் தடவினாள். கடைசி ஆப்பம் இறங்கியதும், “சொரி, அக்கா ஒண்ணு சொல்லுவேன், மனசு கஷ்டப்படப்பிடாது” என்றாள். உடனே அவளுக்கே மூக்கு சிவந்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விட்டாள். சாயங்காலம் இசக்கிசெல்வி போளியும் பாயசமும் கொண்டு வந்தாள்.

பாயசத்தைப் பார்த்ததும் சொரிமுத்து பயந்துபோய் ரெண்டடி பின்னால் நகர்ந்தான். காரணம் இருக்கிறது. கெட்ட சேதியை வெறும் வயிற்றில் சொல்லக்கூடாது என்பது அந்தக் குடும்பத்துப் பழக்கம். தென்காசியில் பெரிய மாமா இறந்தபோது, விஷயம் தெரியாமல் கடையில் நின்ற சொரிமுத்துவை வீட்டுக்கு இழுத்து வந்து, இட்லி வைத்து, இன்னும் ரெண்டு போடு என்று உபசரித்து, ஏப்பம் விட்ட பிறகுதான் “மாமா போயிட்டாருலே” என்றார்கள். சேதி கேட்டவனுக்குச் சோறு இறங்காது, அதனால் சோறு முதலில். நியாயமான பழக்கம்தான். ஆனால் சோறு போட்டவனுக்குச் சொல்லத் தைரியம் வராவிட்டால் என்ன செய்வது என்று முன்னோர் யாரும் யோசிக்கவில்லை. அடுத்த வேளைக்கும் போட வேண்டியதுதான்.

மூன்று பேரும் தனித்தனியாக இவனுக்கு ஊட்டினார்கள், மூன்று பேரும் சொல்ல முடியாமல் எழுந்து போனார்கள். அப்படியானால் சேதி எவ்வளவு பெரியது? இறந்தது யார்? வீட்டில் எல்லாரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்களே! யோசித்து யோசித்து சொரிமுத்து கடைசியில் கண்டுபிடித்தான். போகப்போவது தானேதான்.

சிரிக்காதீர்கள். போன மாதம் அவனுக்கு இடுப்பில் ஒரு வலி வந்து ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ரிசல்டை வாங்கி வந்தது பேச்சிமுத்து. 'ஒண்ணுமில்லலே, தண்ணி நெறைய குடி' என்று மட்டும் சொன்னான். அப்போது நம்பினான். இப்போது கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக வந்தது. சாகப்போகிறவனுக்குக் கடைசி ஆசையாக ஒரு பாட்டு! அதற்குத்தான் பத்தாவது பாட்டு!

இது புரிந்ததும் சொரிமுத்து ரொம்பப் பெரிய மனுஷனாகிவிட்டான். கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தான். தன்னுடைய நல்ல சட்டையை எடுத்து ஸ்டுடியோவில் மெஷின் பார்க்கிற விஜினுக்குக் கொடுத்து, “வச்சுக்கோ, எனக்கு இனிமே எதுக்கு” என்றான். விஜின் அவனைவிட ரெண்டு சுற்று பெருத்தவன். என்ன சொல்வதென்று தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டான்.

விஜின் போய் பத்மகுமாரிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அவர் சொரிமுத்துவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஸ்டுடியோவுக்குக் கீழே, மாடிப்படி முடிகிற இடத்தில் அவர் அறை. சுவர் பூராவும் அவரே கைகூப்பி நின்றார்.

“சொரிமுத்தே, இரி. நீ எந்தினா எல்லார்க்கும் சட்டை குடுத்து நடக்கிறே?”

சொரிமுத்து கலங்கிய குரலில், “சார், எனக்கு இனி ரொம்ப நாள் இல்ல” என்றான்.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. சாப்பாடு போடுதாவொ.”

பத்மகுமார் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. பிறகு மேஜைமேல் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, “கஎ-கனக்-ககு கதெ-கரி-கயும்” என்றார்.

சொரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'எனக்குத் தெரியும்' என்கிறார். ஒவ்வோர் அசைக்கு முன்னும் ஒரு 'க' போட்டுப் பேசுகிற க-பாஷை, நாலு பேரும் வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்து சின்ன வயசில் பழகியது. பத்து வருஷமாக இந்த ஸ்டுடியோவில் அவர்கள் ரகசியம் பேசியதெல்லாம் அதில்தான். மலையாளிக்குத் தமிழ் புரியும், க-பாஷை எங்கே புரியப்போகிறது என்று தைரியம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் அல்லவா! மைக் எப்போதும் திறந்தே இருக்கும், பத்மகுமார் காதில் எப்போதும் ஹெட்போன் இருக்கும் என்பது நாலு புத்திசாலிகளுக்கும் உறைக்கவே இல்லை.

“அப்ப… மொட்டைத் தேங்கான்னு நாங்க…”

“கேட்டிட்டுண்டு. முதல் வருஷமே படிச்சேன். நல்ல ரசமா இருந்தது, அதான் சொல்லல.” அவர் சாயாவை அவன் பக்கம் நகர்த்தினார். “நீ பேடிக்காதே, பயம் வேண்டா. உனக்கு ஒரு ரோகமும் இல்லா.”

சொரிமுத்துவுக்கு உயிர் வந்தது. எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். சாகப்போவதில்லை! இடுப்பு வலி வெறும் இடுப்பு வலி! விஜினிடமிருந்து சட்டையைத் திருப்பி வாங்கிவிட வேண்டும். சாயாவை ஒரே மடக்கில் குடித்தான்.

“கொச்சிக்காரருக்கு மூணு பேர் மதி, மூணே போதும்,” என்றார் பத்மகுமார். “அவர் மேடை பண்ணல, பாட்டும் வீடியோவும் மட்டும். பேசிச் சிரிக்க வைக்க ஆள் வேண்டாம்னு சொல்லிட்டார். நீ சாயா வாங்கப் போன நேரம் மூணு பேரும் மைக் முன்னால நின்னு பேசினார். ஒப்பிட்டாச்சு.”

கையெழுத்துப் போட்டாயிற்று என்கிறார். சொரிமுத்து காலி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சாகப்போவதில்லை என்ற சந்தோஷம் முழுசாக ஒரு சாயா நேரம்கூட நிற்கவில்லை.

பத்மகுமார் வியாபாரி. காரியமில்லாமல் க-பாஷையில் மனம் திறப்பாரா? பழைய ஒப்பந்தத்தை எடுத்து ஒரு இடத்தில் விரலை வைத்தார். நாலு பேரில் ஒருவராவது நாதரூபாவில் இருக்கிறவரை 'வத்தல் கம்பெனி' என்ற பெயர் நாதரூபாவுக்குச் சொந்தம். நாலு பேரும் போய்விட்டால் பெயரும் அவர்களோடு போய்விடும். இங்கிலீஷில் இருந்த அந்த ஒப்பந்தத்தைத் தலையாட்டிக்கொண்டே படித்தவன் பேச்சிமுத்து. படித்த லட்சணம் இதுதான்.

“நீ என் கூட நில்லு. புதுசா மூணு பேரைப் பிடிக்கலாம். பேர் நமக்கு, மேடை நமக்கு. அந்த மூணு பேரும் போய் வேற பேர் தேடட்டே.”

“யோசிச்சுச் சொல்லுதேன் சார்” என்று சொரிமுத்து கிளாஸை மேஜைமேல் வைத்தான். சொல்லட்டும், பார்ப்போம் என்று முடிவு செய்தான். மூன்று பேரில் யாராவது ஒருத்தர், தன் முகத்தைப் பார்த்து, விஷயத்தைச் சொல்லிவிட்டால் போதும். பெயரை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். பத்தாவது பாட்டு முடிவதற்குள் யாரும் சொல்லாவிட்டால், கீழே போய்க் கையெழுத்துப் போடுவான். பேரில்லாமல் தவிக்கட்டும். வேண்டாம் என்றதுகூட வலிக்கவில்லை. தன்னை ஓரமாக வைத்துவிட்டு மூன்று பேரும் கூடிக் குசுகுசுத்ததுதான் நெஞ்சை அறுத்தது. நாலு பேருக்கான பாஷையில் மூன்று பேர் அவனைப் பற்றியே பேசியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவன் சாப்பிட்டது இருக்கிறதே, அது வேறு சாப்பாடு. வேண்டுமென்றே சாப்பிட்டான். பேச்சிமுத்துவிடம் போய், “அண்ணே, பரோட்டா தின்னா நல்லாருக்கும்” என்பான். பேச்சிமுத்து ஓடிப்போய் வாங்கி வருவான். தின்று முடித்துவிட்டு, “அப்புறம், ஏதாவது சொல்லணுமா?” என்று சாதுவாகக் கேட்பான். பேச்சிமுத்துவுக்கு நெற்றியில் வேர்க்கும். “நாளைக்குச் சொல்லுதேன்லே” என்று நழுவிவிடுவான். ஆவுடைத்தாயிடம், “யக்கா, எனக்கு மனசு கல்லு மாதிரி, என்ன சொன்னாலும் தாங்கும் கேட்டோ” என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தான். அவள், “எம்புள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு” என்று அழுதுவிட்டு, ராத்திரிக்கு ஆட்டுக்கறி அனுப்பினாள். இசக்கிசெல்வி அவனைக் கண்டாலே அறையை விட்டு வெளியேறினாள்.

யாரும் ஏசவில்லை. அதுதான் தாங்கவே முடியவில்லை. வேனை ஒரு தூணில் இடித்துப் பின்பக்கத்தை நசுக்கிப் பார்த்தான். “போகட்டும்லே, வண்டிதானே” என்றான் பேச்சிமுத்து. முன்பென்றால் அவன் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுத்திருப்பான், ரெண்டு பேருக்கும் ஒரே தலைமுறைதான் என்பதையும் மறந்து. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசுகிறார்களே என்று சொரிமுத்து வேனுக்குள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதான்.

பத்தாவது பாட்டு நாள் வந்தது.

கண்ணாடி அறைக்குள் சொரிமுத்து தனியாக நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும், விஜினும். மெட்டு என்னவோ நல்ல மெட்டுதான், பேச்சிமுத்துவின் கையில் இருந்து கெட்ட மெட்டு வராது. 'போற வழியில மழை வந்தா, ஒதுங்க ஒரு கடை இருக்கும்' என்று தொடங்குகிற பாட்டு. சொரிமுத்து கண்ணை மூடி, கையை விரித்து, உள்ளதெல்லாம் கொட்டிப் பாடினான். மழை ஒரு பக்கம் போனது, கடை ஒரு பக்கம் போனது. மேல் ஸ்தாயிக்கு ஏற வேண்டிய இடத்தில் ஏறப் பார்த்து, வழுக்கி, எங்கேயோ விழுந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தாளம் அவனுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டது. விஜின் ஹெட்போனைக் காதிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி வைத்துக்கொண்டான்.

பாடி முடித்துக் கண்ணைத் திறந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். “சூப்பர்லே! ஒரே டேக்!” என்றது ஸ்பீக்கரில் அவன் குரல். ஆவுடைத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பத்து வருஷத்தில் அவன் குரலுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். சொரிமுத்து அதைக் கேட்காதவன் போல ஹெட்போனைக் கழற்றினான். டாம்போரினை ஸ்டாண்டில் மாட்டினான். வெளியே வந்து நின்றான். கடைசியாக ஒரு தடவை மூன்று முகத்தையும் பார்த்தான். பேச்சிமுத்து வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். ஆவுடைத்தாய், “மத்தியானம் பிரியாணி சொல்லட்டாடா?” என்றாள். இசக்கிசெல்வி செருப்பைத் தேடினாள்.

“ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு சொரிமுத்து கீழே இறங்கினான்.

பத்மகுமார் தயாராக இருந்தார். காகிதத்தைத் திருப்பி வைத்து, பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். சொரிமுத்து பேனாவை வாங்கினான். பெயரில் முதல் எழுத்து போடப் போகிற நேரம், மாடிப்படியில் தடதடவென்று ஒரு சத்தம். ஒற்றைச் செருப்போடு இசக்கிசெல்வி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ண்ணே, சாப்…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். மூச்சு வாங்கியது. பத்மகுமார் இருப்பதையே பார்க்கவில்லை. “கொச்சிக்காரனுக்கு நீ வேண்டாமாம்ணே. நாங்க மூணு பேருதானாம். மொதல்ல மாட்டோம்னுதான் சொன்னோம். பொறவு சரின்னுட்டோம். மொதல்ல கையெழுத்துப் போட்டது நான்தான். எனக்கு ஆசையா இருந்துச்சு. ஒன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. அண்ணனும் அக்காவும் சொல்லிருவாங்கன்னு நான் இருந்தேன், நான் சொல்லிருவேன்னு அவங்க இருந்தாங்க.”

அவ்வளவுதான். இந்த ஒன்றைக் கேட்கத்தான் அவன் இவ்வளவு நாளும் தின்று தின்று காத்திருந்தான். சொல்லிவிட்டால் வலி தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தான். எங்கே தீர்ந்தது? பத்மகுமார் சொன்னபோது வலித்ததைவிட, தங்கச்சி வாயால் கேட்கும்போது நாலு மடங்கு வலித்தது. சொரிமுத்து பேனாவைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். ஒரு காலில் செருப்பில்லாமல், மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றாள் போஸ்டர் நடுவில் நிற்கிறவள்.

“ஏட்டி,” என்றான். “பாட்டு எப்படி இருந்துச்சு?”

“எந்தப் பாட்டு?”

“நான் பாடுனது. நெசத்தச் சொல்லு.”

இசக்கிசெல்வி உதட்டைக் கடித்தாள். கதவு நிலையைப் பார்த்தாள். பிறகு, “ரொம்பக் கேவலமா இருந்துச்சுண்ணே” என்றாள். “கழுதைக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. விஜின் இனி வேலைக்கே வரமாட்டான்.”

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எத்தனை நாள் கழித்து அவன் தங்கச்சி அவனிடம் பேசுகிறாள்! பேனாவை மூடி பத்மகுமார் பக்கம் தள்ளி வைத்தான்.

“வேண்டாம் சார். பேரை அவங்களே கொண்டு போகட்டும்.”

மாடிப்படியில் ஒளிந்து நின்ற மற்ற ரெண்டு பேரும் அப்போதுதான் இறங்கி வந்தார்கள். பேரா, என்ன பேர் என்று பேச்சிமுத்து முழித்தான். பத்மகுமார் ஒப்பந்தத்தில் அதே இடத்தில் விரலை வைத்து, அவன் க-பாஷையிலேயே விளக்கம் சொன்னார். பேச்சிமுத்துவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆவுடைத்தாய்க்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. அவள் வேறொரு கணக்கில் இருந்தாள்.

“ஏல, அப்ப ஒனக்கு முன்னமே தெரியும் என்ன? தெரிஞ்சுக்கிட்டேதான் என் ஆட்டுக்கறிய வழிச்சு நக்குனியா? எருமை! கொதிக்கக் கொதிக்க அடுப்புல நின்னு நான் அழுது அழுது வதக்கியிருக்கேன்!”

“உப்பு கூடிருச்சு, அழுததுனாலதான் போலுக்கு.”

ஆவுடைத்தாய் முதுகில் ஒன்று வைத்தாள். நல்ல அடி. சொரிமுத்துவுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

பேச்சிமுத்து மட்டும் தலை நிமிரவில்லை. “நாங்க போகலலே,” என்றான் தரையைப் பார்த்து. “கொச்சியும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்.”

“போகாம? நாலு பேரும் திரும்ப வத்தல் மூட்டை தூக்கவா? போய்ப் பாடுங்க. ஆனா ஒண்ணு.” சொரிமுத்து பத்மகுமார் பக்கம் திரும்பினான். “சார், பத்தாவது பாட்டை எடுக்கப்பிடாது. இன்னிக்கு நான் பாடுனது எப்படி இருக்கோ அப்படியே வரணும். திருத்தப்பிடாது, மெஷின்ல போட்டு நேராக்கப்பிடாது.”

மேலே நடந்த பதிவைக் கீழேயிருந்தே ஹெட்போனில் கேட்டிருந்த பத்மகுமாரே கலங்கிப் போனார். “சொரிமுத்தே, அது வேணோ? ஆல்பத்துல என் போட்டோ உண்டு.”

“வேணும் சார்.”

பேச்சிமுத்து பதறினான். மெட்டுப் போட்ட மானம் அவனுக்கு. “ஏல, ஒன் காலப் பிடிக்கேன். ஒனக்காகத்தான் போட்டோம், சரி. ஆனா பொறவு ஒன் குரல எடுத்துட்டு அக்காவப் பாட வச்சிரலாம்னு இருந்தோம். நாளைக்குக் கொச்சிக்காரன் கேட்டா என்ன சொல்ல? நாலு பேரு முன்ன நிக்க முடியுமா?”

“எடுத்துரலாம்னு இருந்தியளா?” சொரிமுத்து மெல்லச் சிரித்தான். “அப்ப கட்டாயம் வரும். பேர் வேணுமா வேண்டாமா?”

பேச்சிமுத்து ஒப்பந்தத்தைப் பார்த்தான். சொரிமுத்து விடவில்லை.

“கேக்குத ஆள் ஒன்பது பாட்டையும் கேட்டு நல்லா இருக்கே, நல்லா இருக்கேன்னு தலையாட்டிட்டு வருவான்லா? வரட்டும். நாலாவது ஆள் ஒருத்தன் இருந்தான்னு தெரிஞ்சுட்டுப் போகட்டும். நான் வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட…” என்று வீம்பாகத்தான் ஆரம்பித்தான். கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் உடைந்து, கீச்சென்று ஏறி, பாதியில் நின்றுவிட்டது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பேச்சிமுத்து அவன் தோளில் கை வைக்கப் போய், வைக்கத் தெரியாமல் நின்றான். இசக்கிசெல்வி தேம்பினாள். ஆவுடைத்தாய்தான் பக்கத்தில் வந்து, சட்டைக் காலரைப் பிடித்து அவனைத் தன் பக்கம் திருப்பி, முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“அழுகையிலயும் சுருதி சேரல பாரு மூதிக்கு,” என்றாள்.